துலுக்காணம் பெயர் ஒட்டிய பாட்டில்

பாட்டிலை அவர் கவிழ்த்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இடது கையில் காபி டம்ளர். வலது கையில் பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில். பேசிக்கொண்டே ஸிங்க்கில் சாய்த்தார். களக் களக் என்று ஒரு மனிதப் பிறவியின் ஒரு முழு நாள் சிறுநீர் சாக்கடைக்குப் போயிற்று.

“ஸ்பாயில்ட் சாம்பிள், சகுந்தலா. இத வச்சுக்கிட்டு மெனக்கெடாத. கணக்குலேர்ந்து எடுத்துடு” என்றார்.

பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தில் ‘துலுக்காணம்’ என்று நான்தான் எழுதியிருந்தேன். குழாய்த் தண்ணீர் பட்டு மை கரைந்து வழிந்தது. ஈதர் வாசனையோடு காபி வாசனையும் கலந்து அறை முழுக்க நின்றது. எங்கள் புரொபசர் ஆராய்ச்சிக்கூடத்து பர்னரிலேயே காபி போட்டுக் குடிப்பார். அதற்கென்று தனி பீக்கர் வைத்திருந்தார்.

“சார், இது கெட்டுப்போனது இல்ல. இது வியாதி. இந்த ஆளுக்கு வைத்தியம் பண்ணா பிழைச்சுக்குவாரு. விட்டா செத்துப்போவாரு” என்றேன்.

“அந்த ஆளத்தான் மறுபடியும் வரவழைச்சுப் பார்த்தோமே? காளை மாடு மாதிரி இருக்கான். பிரஷர் நார்மல். ரத்தம் நார்மல். அப்புறம் என்ன?”

அவர் சொன்னது உண்மைதான். துலுக்காணத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் பெயர் போட்ட பாட்டிலில் இருந்த நீர் சாகப்போகிற ஒருவருடையது. அந்த ஒருவர் யார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. புரொபசருக்கோ அதைத் தெரிந்துகொள்ளவே விருப்பமில்லை.

கோபம் உடம்புக்கு ஆகாது

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர், “அம்மா, உங்கள் எழுத்தில் கோபம் தூக்கலாக இருக்கிறது. ரத்தக் கொதிப்பு வந்துவிடும், ஜாக்கிரதை” என்று ஆசிரியருக்கு எழுதியிருக்கிறார். அன்புக்கு நன்றி. எனக்கு அது வந்து வெகு காலமாயிற்று. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. கோபத்துக்கு மட்டும் மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை.

கோபத்தால்தான் கொதிப்பு வரும் என்பது நம் ஊரில் அழிக்க முடியாத நம்பிக்கை. என் அப்பாவை நான் பார்த்திருக்கிறேனே. கோபமே வராத மனிதர். ஆவடியில் வேலை. செவ்வாப்பேட்டையில் வீடு. ரயிலில் யாராவது காலை மிதித்தால் இவர் மன்னிப்புக் கேட்பார். ஒரு நாள் சாயங்காலம் செவ்வாப்பேட்டை பிளாட்பாரத்தில் இறங்கியவர், கையிலிருந்த டிபன் பாக்ஸோடு சரிந்து விழுந்தார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள், “பாவம், கோபத்தையெல்லாம் உள்ளுக்குள்ளேயே அடக்கி வச்சிருந்திருக்காரு” என்றார்கள்.

கோபப்பட்டால் கோபத்தால் சாவாய், கோபப்படாவிட்டால் அடக்கி வைத்ததால் சாவாய். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. நிஜக் காரணம் என்ன என்று யாருமே கேட்கவில்லையே என்றிருந்தது. நான் வேதியியல் படித்ததும், படித்து முடித்துச் சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராகப் போய்ச் சேர்ந்ததும் அதனால்தான். அறுபதுகள் முடிந்து எழுபதுகள் தொடங்கிய சமயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான வருஷம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

சிறுநீரகத்தின் தலையில் ஒரு தொப்பி

இந்தக் கதைக்கு வேண்டிய மருத்துவம் கொஞ்சம்தான். பயப்படாமல் படியுங்கள்.

இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்தாற்போல ஒரு சின்னச் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து வருகிற ஹார்மோன்களில் ஒன்றுக்கு ஆல்டோஸ்டிரோன் என்று பெயர். ‘உப்பைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே தள்ளு’ என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுவது அதன் வேலை. உப்புக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அது அதிகம் சுரக்கும். உப்பு நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு வாயைப் பொத்திக்கொண்டு சும்மா கிடக்கும்.

சிலருக்கு அந்தச் சுரப்பியில் ஒரு கட்டி வந்துவிடும். அது யார் பேச்சையும் கேட்காது. ஓயாமல் உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கும். உப்பு தேங்கி ரத்த அழுத்தம் ஏறும். பொட்டாசியம் வெளியே போய்ப் போய் கை கால் தசை எல்லாம் துவண்டுபோகும். இதயமும் தசைதான் என்பதால் அதுவும் ஒரு நாள் நின்றுபோகலாம். ஆனால் கட்டியைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் மனிதர் எழுந்து நடந்துவிடுவார். ரத்த அழுத்தத்துக்குக் காரணம் தெரிந்து, அதைக் கையால் பிடுங்கிப் போடுகிற பாக்கியம் வெகு சிலருக்குத்தான் கிடைக்கும். துலுக்காணம் பெயர் போட்ட பாட்டிலை நான் அளந்தபோது உப்பும் ஏராளம், ஆல்டோஸ்டிரோனும் ஏராளம்.

எங்கள் புரொபசர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சிதான். அதை மறுக்க மாட்டேன். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். கருவாடும் உப்பும் இல்லாமல் அங்கே சோறு இறங்காது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் தொழிற்சாலைகள் தலைகாட்டிக்கொண்டிருந்தன. வயல்வேலையை விட்டு அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்திலும் உப்பு எவ்வளவு, ஹார்மோன் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று அளந்து ஒப்பிட வேண்டும்.

ஆண்களை மட்டும்தான். பெண்களுக்கு மாதவிலக்கு உண்டு, ஹார்மோன் கணக்கு குழம்பும் என்று ஆரம்பத்திலேயே தள்ளிவிட்டார். நாட்டில் பாதிப் பேர் எப்படிப் போனாலும் சரி, கணக்கு குழம்பக் கூடாது! பெண்ணாகிய நான் அதைக் கேட்டுத் தலையாட்டி, ஆண்கள் பெயராக எழுதிப் பாட்டில்களில் ஒட்டிக்கொண்டிருந்தேன். பசை நாற்றம் கையை விட்டுப் போகவே போகாது.

குப்பத்துக்கு ஜீப்பிலும் படகிலுமாகப் போவோம். புரொபசர் சென்னையிலேயே சீட்டுக் குலுக்கி ஆட்களைத் தேர்ந்தெடுத்திருந்தார். அவர்களுக்கு அழுத்தம் பார்த்து, ரத்தம் எடுத்து, ஆளுக்கொரு பாட்டில் கொடுத்துவிட்டு வருவோம். ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரை அதில் பிடித்து வைக்க வேண்டும். மறுநாள் போய் வாங்கிக்கொள்வோம். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு டின் பால் பவுடர். அந்தப் பால் பவுடர் டின்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது.

இங்கே நாங்கள் குலுக்கினோம்

பாட்டில் சாக்கடைக்குப் போன அடுத்த விடுமுறை நாள், யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கிளம்பினேன். செவ்வாப்பேட்டையில் ரயில் ஏறி, மாறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்து, பிறகு படகு. போய்ச் சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. கரையெல்லாம் இறால் காயும் வாடை.

ஊர்த் தலைவர் கோதண்டம் வலையை விரித்துப் போட்டு ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா டாக்டரம்மா, ஒண்டியா வந்துகினு கீறே? ஜீப்பு இன்னா ஆச்சி?” என்றார். நான் டாக்டர் இல்லை என்று பல முறை சொல்லியும் அவர் கேட்டதில்லை.

விஷயத்தைச் சொன்னேன். துலுக்காணம் பாட்டிலில் வியாதி இருக்கிறது, துலுக்காணத்திடம் இல்லை, இது எப்படி என்று கேட்டேன். அவர் துளியும் ஆச்சரியப்படவில்லை.

“அது துலுக்காணத்துப் பேர் போட்ட பாட்டிலு. பாடு அவன்து இல்ல. அன்னிக்கிப் பாடு ஏழுமலைக்கி” என்றார்.

ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். மீன் அதிகம் கிடைக்கும் இடத்தை ஒருவரே வைத்துக்கொள்ள முடியாது. எல்லோருக்கும் சுற்றி வரும். அது எனக்கும் தெரியும். பாட்டிலுக்கும் பாடு வைப்பார்கள் என்பதுதான் தெரியாது.

“ஊருக்குன்னு ஒரு பொருளு வந்தா அது பொதுவும்மா. நீ பாட்டுக்கு நாலு பேர் பேரைச் சொல்லிப் பால் டின்னு குடுத்துட்டுப் போயிட்டா, மத்த ஊட்டுப் புள்ளைங்க இன்னா பண்ணும்? உங்க பெரிய டாக்டரைக் கேட்டேன். இவங்கள ஏன் சார் எடுத்தேன்னு. நாங்க மெட்ராஸ்லயே சீட்டுக் குலுக்கிட்டோம்னாரு. சரி, அங்க நீங்க குலுக்கினீங்கோ. இங்க நாங்க குலுக்கினோம்.”

“ஐயோ, தலைவரே! ரத்தம் ஒருத்தருது, பாட்டில் ஒருத்தருதா இருந்தா எப்படிங்க?”

“ஊசி போட அவனத்தானே கூப்டீங்கோ, அவன் வந்தான். பாட்டிலு சும்மாதானே குடுத்துட்டுப் போனீங்கோ? அட இன்னாம்மா, அல்லாரும் ஒரே கெணத்துத் தண்ணி, ஒரே ஏரி மீனு. எவன் பேஞ்சா இன்னா?”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மணலில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஆராய்ச்சி மொத்தமும் அந்த நிமிஷத்தில் காற்றில் பறந்துவிட்டது. ஆனால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாட்டிலைக் கையில் கொடுக்கும்போது, இது உன் உடம்பைப் பற்றியது, வேறு யாரும் தொடக் கூடாது என்று காரணத்தோடு ஒரு வார்த்தை யாராவது சொன்னோமா? பிடித்து வை என்றோம், டின்னை நீட்டினோம், ஜீப் ஏறினோம். அவர்களுக்குத் தெரிந்த நியாயத்தை அவர்கள் செய்தார்கள்.

ஏழுமலையைக் கூப்பிட்டனுப்பினார். முப்பது வயசு இருக்கும். அவரும் திடகாத்திரமான ஆள். அழுத்தம் பார்த்தேன். சரியாக இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“உண்மையச் சொல்லுப்பா. பாட்டில்ல நீதான் பிடிச்சியா?”

அவர் தலையைச் சொறிந்தார். “நானு ஏரிக்கிப் போய்க்கினேன்மா. வலைப்பாடும் அன்னிக்கிதான் வந்துச்சி. அந்தக் கருமத்தப் படகுல எடுத்துக்கினு போவ முடியுமா? வலைக்கி ஆவுமா அது? ஊட்ல குடுத்துட்டுப் போயிட்டேன்.”

“வீட்ல யார்கிட்ட?”

“கன்னிகிட்ட. எம் பொஞ்சாதி.”

கன்னியம்மா

குனிந்துதான் அந்த வீட்டுக்குள் போக வேண்டும். கன்னியம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தாள். கையை ஊன்றினாள், முட்டி மடங்கியது, மறுபடி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இரண்டு சொம்புத் தண்ணீர்.

“தாகம் அடங்கவே மாட்டேங்குதும்மா. ராவெல்லாம் எழுந்து எழுந்து வெளிய போய்க்கினே கீறேன். தலை வேற இடி இடிக்குது” என்றாள். “மீன் கூடையத் தூக்க முடியல. சோம்பேறி, வேஷம் போடறான்னு எம் மாமியா சொல்லுது. செல நாளு கழுத்தக் கூடத் தூக்க முடியலம்மா. வேஷம் போட்டா கழுத்துக் கூடவா தொங்கும்?”

அழுத்தப் பட்டையைக் கட்டிக் காற்றை ஏற்றினேன். பாதரசம் ஏறிக்கொண்டே போயிற்று. காற்றை இறக்கும்போது நாடியின் சத்தம் பயப்படுகிற உயரத்திலேயே கேட்க ஆரம்பித்துவிட்டது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஸிங்க்கில் களக் களக் என்று போனது இவள்தான்.

கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டேன். ஏழுமலை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மந்திரிச்சாச்சி, இங்க பொன்னேரியாண்ட ஆரணிக்கிக் கூட்டிக்கினு போய் வைத்தியமும் பாத்தாச்சி. ரொம்ப பேஜாராப் போச்சிம்மா. பொழைச்சிக்குமா?”

“பிழைக்க வைக்கலாம்” என்றேன். சொன்ன பிறகுதான் அது என் கையில் இல்லை என்பது உறைத்தது.

அவள் ஆராய்ச்சியில் இல்லை

மறுநாள் புரொபசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில் பாடு விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் கறுத்தது. கதவைச் சாத்தினார்.

“இத வெளிய மூச்சு விடாத. பேப்பர் அச்சுக்குப் போகப் போகுது.”

“சார், பெயரெல்லாம் தப்பு. எந்த பாட்டில் யாருதுன்னே தெரியாது. இத எப்படி சார் அச்சடிக்கறது?”

“பொதுவா ஒரு ட்ரெண்ட் இருக்கு. அது மாறாது.”

“சரி, அந்தப் பொண்ணு?”

“எந்தப் பொண்ணு? பெண்கள் நம்ம ஸ்டடியிலயே இல்லை. அவ நம்ம ஆராய்ச்சியில இல்லை, சகுந்தலா.”

இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாக்கியத்தை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது. வயசால் இல்லை.

நான் ரத்தத்தைச் சுடரில் காட்டி அளக்கும் கருவியில் வைத்தேன். பொட்டாசியம் இருந்தால் தீயில் இளம் ஊதா தெரியும். கன்னியம்மாவின் ரத்தத்துக்கு ஊதா தெரிந்ததா என்றே சொல்ல முடியவில்லை. முள் ஏறவே இல்லை. அவர் எட்டிப் பார்த்தார். பிறகு அவர் கண் மின்னியது.

“இவ்ளோ குறைவா? உயிரோட இருக்காளா? உடனே அட்மிட் பண்ணு” என்றார்.

ஒரு நொடி நான் சந்தோஷப்பட்டேன். மனிதருக்கு மனசு இருக்கிறது என்று நினைத்தேன். முட்டாள் நான்! அவருக்குக் கிடைத்தது இன்னொரு பேப்பர்.

அழகான கோடு

வார்டில் ஓரத்துக் கட்டில். சோறு, தண்ணீர் எல்லாம் அளந்துதான் கொடுப்பார்கள். அளந்துதான் வெளியே போவதையும் பிடிப்பார்கள். வெளிச் சாப்பாடு ஒரு வாய் கூடக் கூடாது. முதலில் பொட்டாசியம் கலந்த மருந்து கொடுத்தார்கள். வாயில் வைக்க முடியாத கசப்பு. கன்னியம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். சில நாளில் எழுந்து நின்றாள். ஜன்னல் வரை நடந்து போய் வெளியே பார்த்தாள். “இன்னாம்மா இது, எங்காலு மறுபடியும் எங்கிட்ட வந்துட்டுது” என்று சிரித்தாள்.

அதோடு அறுவைக்கு அனுப்பியிருக்க வேண்டும். எந்தப் பக்கம் கட்டி என்பது வரை தெரிந்துவிட்டது. ஆனால் புரொபசர் மருந்தை நிறுத்தச் சொன்னார். சாப்பாட்டில் உப்பை ஏற்றச் சொன்னார்.

“உப்பு ஏற ஏறப் பொட்டாசியம் எப்படி இறங்குதுன்னு ஒரு கோடு வேணும். நம்ம நாட்டுல இதுவரைக்கும் யாரும் இத இவ்ளோ அழகாக் காட்டினதில்ல.”

“சார், இறங்கினா இதயம் நின்னுடும்.”

“கவனிச்சுக்கிட்டேதான இருக்கோம்?”

கவனித்தோம். முதலில் அவள் ஜன்னலுக்குப் போவது நின்றது. பிறகு உட்காருவது நின்றது. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் கை கீழே விழுந்தது. கோடு மட்டும் வரைபடத்தாளில் அழகாக இறங்கிக்கொண்டிருந்தது. வார்டு சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எதாவது பண்ணும்மா, என்னால பார்க்க முடியல” என்றார். கல்லூரி முதல்வரிடம் போனேன். புரொபசர் விஷயத்தில் தலையிட மாட்டேன் என்று கைகழுவிவிட்டார்.

வெளியே மரத்தடியில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து நாஷ்டா கூட இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“மருந்து நிறுத்திட்டாங்களாமே? இன்னா நடக்குதும்மா அங்க?” என்றார்.

அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. பிறகு, “இளநீர்ல அந்த மருந்துச் சத்து இருக்கு. தினம் வேணும். நிறைய வேணும். யாருக்கும் தெரியாம உள்ள போகணும்” என்றேன்.

இதைப் படித்துவிட்டு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் யாரும் இளநீர்க் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். அவர்களுக்கு அது விஷம். கன்னியம்மாவுக்கு அது உயிர்.

ஏழுமலை வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “ஊருக்குப் போய்ச் சொல்றேன்” என்று மட்டும் சொன்னார்.

இளநீர்ப் பாடு

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஏற்பாடு செய்யவில்லை. ஆரணிப் பக்கத்துத் தோப்பில் இளநீர் வாங்கி, சீவி, தூக்குகளில் ஊற்றிக்கொண்டு தினமும் ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். அது பெண்கள் வார்டு. ஆண்களை உள்ளே விட மாட்டார்கள். அந்த ஊரில் பாடு எப்போதும் ஆண்களுக்குத்தான். இந்த ஒரு பாடு பெண்களுக்குப் போயிற்று.

சிஸ்டர் அந்த நேரம் பார்த்து அலமாரியில் எதையாவது தேடிக்கொண்டிருப்பார். முந்தானை மறைவில் தூக்கு திறக்கும். கன்னியம்மா குடிப்பாள்.

கோடு இறங்குவதை நிறுத்தியது. பிறகு மேலே திரும்பியது. புரொபசர் கருவியைத் திட்டினார். என்னைத் திட்டினார். கரைசலை மாற்றச் சொன்னார், மாற்றினேன். திரும்ப அளக்கச் சொன்னார், அளந்தேன். கோடு அவர் பேச்சைக் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் நான் கன்னியம்மாவின் கட்டிலருகில் இருந்தபோது சொல்லாமல் வார்டுக்குள் நுழைந்தார். அன்று தூக்கோடு வந்திருந்தது துலுக்காணத்தின் மனைவி அஞ்சலை.

“என்ன இது?”

“இளநி சார்.”

“யார் குடுக்கச் சொன்னது?”

“யாரு சொல்லணும்? இன்னிக்கி எங்க பாடு.”

“என்ன பாடு?”

“நேத்து ஏகாம்பரம் ஊடு. இன்னிக்கி எங்க ஊடு. நாளிக்கித் தலைவரு ஊடு. அவ்ளோதான் சார்.”

புரொபசருக்குப் புரிந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. அஞ்சலை கையிலிருந்த தூக்கைப் பிடுங்கினார். வார்டு மூலையில் கைகழுவும் ஸிங்க் இருந்தது. போய்க் கவிழ்த்தார். அதே களக் களக்.

அஞ்சலை இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கொட்டிட்டியா? கொட்டு. ஊர்ல எத்தினி ஊடு கீதுன்னு தெரியுமா உனுக்கு?” என்றாள்.

அந்தக் குரலைக் கேட்ட பிறகு எனக்குள் எதுவும் நிற்கவில்லை. “நான்தான் சொன்னேன்” என்றேன். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது வார்டு மொத்தமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. உங்கள் கோட்டுக்கு ஒரு பொம்பளை சாக வேண்டுமா என்று கேட்டேன். முதல் பாட்டிலைக் கொட்டினீர்கள், இப்போது இதைக் கொட்டுகிறீர்கள், கொட்டுவதைத் தவிர உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். இன்னும் சில கேட்டேன், அதையெல்லாம் பத்திரிகையில் போட மாட்டார்கள். என் வேலை அங்கேயே, அப்போதே போயிற்று.

போன வேலையோடு நேரே அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். அங்கே தலைவராக இருந்த அம்மாள் புரொபசருக்குப் பயப்படாதவர். நான் அளந்ததையெல்லாம் மேஜையில் பரப்பினேன். வாசித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, “இதுக்கு மேல என்ன நிரூபிக்கணுமாம் அவருக்கு?” என்றார். அன்றே கன்னியம்மாவைத் தன் வார்டுக்கு மாற்றிக்கொண்டார். கசப்பு மருந்து மறுபடி வந்தது. உடம்பு தேறியதும் கட்டியை எடுத்தார். நல்ல மஞ்சள் நிறம். கொட்டைப்பாக்கு அளவுதான். இந்தத் துளிக்காகவா அவ்வளவு பாடுபட்டாள் என்றிருந்தது.

கண்ணாடி ஜாடி

புரொபசரின் பேப்பர் அச்சாயிற்று. அதில் துலுக்காணத்தின் பாட்டில் இல்லை. மற்ற பாட்டில்கள் எல்லாம் தப்பான பெயர்களோடு இருந்தன. அவருக்குப் பாராட்டும் மாலையும் கிடைத்தன. நான் நடந்ததை எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. எனக்குத் திருவள்ளூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது.

சில வருஷம் கழித்து என் மாணவர்களை அந்தக் கல்லூரி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். அலமாரியில் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே அந்தக் கட்டி, மஞ்சள் வெளுத்துப்போய் மிதந்தது. கீழே புரொபசரின் பெயர் கொட்டை எழுத்தில். நோயாளி என்ற இடத்தில் ‘மீனவப் பெண்’ என்று மட்டும் இருந்தது. அவளுடைய நீரைச் சாக்கடையில் கொட்டியவர், கட்டியை மட்டும் தன் பெயரில் வைத்துக்கொண்டார். மாணவர்கள் முன்னால் கத்தக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அதே வருஷம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். கன்னியம்மா! தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறாளாம். கையில் டிபன் பாக்ஸ். ஒரு தோளில் பை, இன்னொரு தோளில் குழந்தை.

“நல்லாக் கீறியாம்மா? என்னைப் பாரு, எப்டி நிக்கிறேன்!” என்றாள். ஏழுமலைக்கும் ஷிப்ட் வேலை கிடைத்துவிட்டதாம். மாமியார் இப்போது அவளைச் சோம்பேறி என்று சொல்வதில்லையாம்.

எனக்கு ஆறவில்லை. ஜாடியைப் பற்றிச் சொன்னேன். புரொபசர் பெயர்தான் இருக்கிறது, உன் பெயர் இல்லை என்றேன்.

கன்னியம்மா குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு யோசித்தாள். அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது, ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை.

“எத்தினி வருசமா அவரே வச்சிக்கினு கீறாரு?” என்று கேட்டாள். “அடுத்த பாடு யாருக்குன்னு கேட்டியா?”

வண்டி வந்துவிட்டது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.